அடுத்தவர் அளவில் வாங்கிய துடுப்பு

போன வருடம் ஆனி மாதம், தவளக்குப்பம் ஜங்ஷனில் பேக்கரிக்கு மேல் மாடியில் இருக்கும் என் தையல் கடையில் ஆரம்பித்து, பனித்திட்டு பக்கம் ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் முடிந்த கதை இது. இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அப்போது அழுகைதான் வந்தது.

எங்கள் வீடு பாகூர் பக்கம். வீட்டுக்காரருக்கு நெல்லும் கரும்பும். எனக்கு இருபது வருடமாகத் தையல். ஜாக்கெட், சுடிதார், பள்ளிக்கூட யூனிஃபார்ம் என்று எது வந்தாலும் தைப்பேன். வாய் கொஞ்சம் நீளம். என்னிடம் அளவு கொடுக்க வருகிறவர்கள் நாலு திட்டும் சேர்த்து வாங்கிக்கொண்டுதான் போவார்கள். ஆனாலும் திரும்ப வருவார்கள்.

அதற்கு ஒன்றரை வருடம் முன்பு ஒரு நாள், நெடுநெடுவென்று உயரமாக ஒரு பெண் கடைக்கு வந்தார். ரப்பர் மாதிரித் தடித்த துணியில் ஏதோ ஒன்றை மேசைமேல் வைத்து, "அக்கா, இது போட்டோட பாவாட. கிழிஞ்சிட்டுது. தைக்க முடியுமா?" என்றார். படகுக்குப் பாவாடையா என்று முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் உப்பங்கழியில் கயாக் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். கயாக் என்றால் ஒரே ஆள் காலை நீட்டி உட்காரும் சின்னப் படகு. அந்தப் பாவாடையை இடுப்பில் மாட்டி, ஓரத்தை இழுத்துப் படகின் வாயில் பொருத்திவிட்டால் தண்ணீர் உள்ளே வராதாம்.

இரண்டு ஊசி உடைந்தது. கடைசியில் கையால் தைத்துக் கொடுத்தேன். தையல் தண்ணீரில் நிற்குமா என்று சந்தேகமாகவே இருந்ததால், ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே பார்க்கப் போனேன். கூலி எவ்வளவு என்று கேட்டார். ஒரு தடவை அதில் உட்கார்ந்து பார்க்கிறேன், அது போதும் என்றேன். உட்கார்ந்தவள்தான், அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் தவறவிடவில்லை. பம்ப்செட் கிணற்றில் நீச்சல் பழகியவள் என்பதால் தண்ணீர் பயம் கிடையாது. என்னைவிடப் பத்து வயது சின்னவரான அந்தப் பெண்ணை நான் கோச் என்று கூப்பிட ஆரம்பித்தேன்.

போன வருடம் ஆடியில் கேரளாவின் மலை ஆறு ஒன்றுக்கு நாலு பேரை அழைத்துப் போவதாகக் கோச் சொன்னார். பாறைகளுக்கு நடுவே வெள்ளை நுரையாகப் பாயும் ஆறு. அதில் கயாக் ஓட்டுவது வேறு வித்தை. அந்த நாலு பேரில் ஒருத்தியாக இருக்க வேண்டும் என்று எனக்கு வந்த ஆசையை எப்படிச் சொல்வது? முப்பத்தொன்பது வயது வரை நான் போன இடமெல்லாம் யாருடைய நேர்த்திக்கடனுக்கோ, யாருடைய கல்யாணத்துக்கோ போனதுதான். எனக்கென்று ஆசைப்பட்டு ஒரு ஊருக்கும் போனதில்லை.

கோச் இரண்டு நிபந்தனை வைத்தார். மலை ஆற்றுக்கென்று ஆளுக்கு ஒரு சொந்தத் துடுப்பு வேண்டும். ஆனி கடைசி ஞாயிறு முகத்துவாரத்தில், கடல் தண்ணீர் இறங்கும் நேரத்தில், அந்த இழுப்பை எதிர்த்துப் போய், வலை கட்டும் கழியைச் சுற்றி வர வேண்டும். கவிழ்ந்தால் படகைவிட்டு வெளியே வராமல் நிமிர வேண்டும். முடியாதவர்களுக்கு வேனில் இடம் இல்லை.

துடுப்பு வாங்க வேண்டுமே என்று போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். கயாக் துடுப்பில் ஒரு தண்டு, இரண்டு முனையிலும் அகலமான தகடு. இவ்வளவுதானே என்று நினைத்தால், ஒருவர் நீளம் முக்கியம் என்கிறார், இன்னொருவர் தகட்டின் அகலம் என்கிறார், மூன்றாமவர் தண்டின் பருமன் என்கிறார். நாலு நாளில் தலை சுற்றிவிட்டது. கோச்சையே கேட்டிருக்கலாம். அதற்கு என் வீம்பு விடவில்லை, ஒன்றும் தெரியாதவள் என்று நினைத்துவிடுவாரோ என்று. ஒரு ஞாயிறு அவர் டீ குடிக்கப் போன சமயம், பையில் கிடந்த இஞ்ச் டேப்பை எடுத்து அவருடைய துடுப்பைச் சத்தமில்லாமல் அளந்தேன். எழுபத்தொன்பது அங்குலம். தகட்டு அகலம், தண்டின் சுற்றளவு எல்லாவற்றையும் அளவு நோட்டில் எழுதிக்கொண்டேன். அப்படியே ஆர்டர் போட்டேன். அவர் கைப்பிடியில் ரப்பர் பட்டை சுற்றியிருந்தார். அதையும் விடவில்லை, அதே மாதிரி சுற்றினேன்.

பார்சல் வந்த அன்று வீட்டுக்காரர் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, துடுப்பைக் குறுக்கே மடியில் வைத்துக்கொண்டு கடைக்குப் புறப்பட்டேன். ஜங்ஷனில் இந்தப் பக்கம் ஒரு பழக்கடை, அந்தப் பக்கம் டவுன் பஸ். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டோம். கண்டக்டர் தலையை நீட்டி, "இன்னாக்கா, ரயில்வே கேட்ட கையோட எடுத்துக்கினு போறீங்களா?" என்றார். ஜங்ஷனே சிரித்தது. எனக்கு ஒரே பெருமை.

அந்தப் பெருமை முதல் ஞாயிறே போனது. துடுப்பு என் பேச்சைக் கேட்கவில்லை. இந்தப் பக்கம் போட்டால் அந்தப் பக்கத் தகடு எங்கோ வானத்தில் நிற்கிறது. இழுத்தால் தோள்பட்டை எரிகிறது. பிடியைச் சுற்றி விரல் முழுசாக வளையவில்லை. புதுசு, பழகப் பழகச் சரியாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாவது வாரம் முகத்துவாரத்தில் பழகும்போது கவிழ்ந்தேன். உப்பங்கழியில் எத்தனையோ தடவை சுலபமாக நிமிர்ந்தவள், அன்று மூன்று முறை முயன்றும் முடியாமல் படகிலிருந்து வெளியே வந்து, நீந்திக் கரையேறினேன். கோச் என் படகை இழுத்துவந்து, கவிழ்த்துத் தண்ணீரை வடித்தார்.

மணிக்கட்டு வீங்கிவிட்டது. கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை. எனக்குச் சோறு போடுவது இந்தக் கைதான். வீட்டுக்காரர் தைலம் தேய்த்துக்கொண்டே, "கேரளாவும் வாணாம், ஒன்னும் வாணாம். கை போச்சின்னா இன்னாடி பண்ணுவ?" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. அந்த வாரம் ஓய்வெடுத்துவிட்டு, வரவில்லை என்று கோச்சிடம் சொல்லிவிடுவது என்றே முடிவு செய்துவிட்டேன்.

புதன்கிழமை மதியம் ஒரு கல்லூரிப் பெண் ஜாக்கெட் தைக்க வந்தாள். அளவுக்கு ஒரு பழைய ஜாக்கெட்டை நீட்டினாள். எங்கள் தொழிலில் இது சகஜம். நேரில் அளவு கொடுக்கக் கூச்சப்பட்டு, சரியாக இருக்கிற பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்து, இந்த அளவுக்கே தைத்துவிடுங்கள் என்பார்கள். விரித்துப் பார்த்தால் அவளுக்கு இரண்டு மடங்கு இருந்தது. யாருடையது என்றேன். அக்காவுடையதாம். அக்காவுக்கு அவ்வளவு அழகாக நின்றதாம்.

எனக்கு வழக்கமான கோபம் வந்தது. "ஒங்கக்காவுக்கு நின்னா ஒனக்கு நிக்குமா? அவ ஒடம்பு வேற, ஒன் ஒடம்பு வேற. இங்க வந்து நில்லு, ஒன்ன அளந்து..."

டேப்பைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். சுவரோரம் அந்தத் துடுப்பு சாய்ந்திருந்தது. கோச்சின் உயரம் ஐந்தடி ஒன்பது. நான் ஐந்தடியே இல்லை. இருபது வருடமாக வருகிறவர்களையெல்லாம் எதற்குத் திட்டினேனோ, அதையே நான் செய்திருக்கிறேன். அந்தப் பெண், "இன்னாச்சிக்கா?" என்று பயந்துபோய்க் கேட்டாள். நான் சிரித்த சிரிப்பில் கீழே பேக்கரிக்காரரே எட்டிப் பார்த்தார். அவளுக்கு அளவெடுத்து அனுப்பிவிட்டுக் கடையைப் பூட்டினேன்.

வயலுக்குப் போய் வீட்டுக்காரரிடம் சவுக்குக் கழி நாலு வெட்டித் தரச் சொன்னேன். விலை உயர்ந்த துணியை எடுத்ததும் வெட்ட மாட்டோம். பழைய வேட்டியில் வெட்டிப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அதில் கை வைப்போம். அதே வேலைதான். நாலு கழியும் நாலு நீளம். முழங்கை இரண்டும் சரியாக மடங்குகிறதா என்று பார்க்க, ஒவ்வொன்றாகத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன். பம்ப்செட் தொட்டியில் முக்காலி போட்டு உட்கார்ந்து தண்ணீரைத் தள்ளிப் பார்த்தேன். கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த பக்கத்து வயல்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். எழுபத்து நாலு அங்குலக் கழியில் மணிக்கட்டு வலிக்கவில்லை. வீட்டுக்காரர் மண்வெட்டியை ஊன்றி நின்று, "தோ, இப்பதான் ஒங் கையி மாதிரி கீது" என்றார்.

உபயோகித்த துடுப்பைக் கடையில் திருப்பி எடுக்க மாட்டார்கள். வேறு வாங்க நாளும் இல்லை. ஆனால் எந்தத் தையல்காரியைக் கேட்டாலும் சொல்வாள், சின்னதாகத் தைத்ததைத்தான் ஒன்றும் செய்ய முடியாது, பெரியதைப் பிடித்துவிடலாம். பனித்திட்டில் ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடுகிறவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோய் நடுவில் ஐந்து அங்குலம் எடுத்துவிட்டு ஒட்டச் சொன்னேன். அவர் துடுப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"புதுசும்மா இது. அறுத்துட்டு அப்பால என்னிய கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேண்ணா. கோடு நான் போடறேன், நீங்க அறுங்க."

துணியில் குறி போடும் சாக்பீஸை எடுத்துக் கறுப்புத் தண்டில் இரண்டு வெள்ளைக் கோடு போட்டேன். அதோடு நீளவாட்டில் நேராக இன்னொரு கோடும் இழுத்தேன். ஜாக்கெட்டின் கையையும் உடம்பையும் இணைக்கும்போது குறிக்குக் குறி வைத்துத்தான் தைப்போம். இல்லாவிட்டால் கை முறுக்கிக்கொள்ளும். துடுப்பிலும் அந்த நீளக் கோடு நேருக்கு நேர் வந்தால்தான் இரண்டு தகடும் பழைய கோணத்தில் நிற்கும். அவருக்கு அது உடனே பிடிபட்டது. ரம்பத்தை வைக்கும்போது நிறுத்தச் சொல்லி இன்னொரு தடவை டேப் வைத்து அளந்தேன். முதன்முதலில் அடுத்தவர் பட்டில் கத்தரி வைத்த அன்று அளந்த மாதிரியே. உள்ளே ஒரு ஃபைபர் குழாயைச் செருகி, பசை ஊற்றி, மேலே நார் சுற்றி ஒட்டினார். தகட்டின் அகலத்தையும் இரண்டு பக்க ஓரத்தில் ஒரு விரற்கடை தேய்த்துக் கொடுத்தார். ரப்பர் பட்டையை நானே பிய்த்து எறிந்தேன். கடல் படகுக்குப் போடும் ஒட்டு, உடையவே உடையாது என்றார். இரண்டு நாள் காயவிட்டு, சனிக்கிழமைதான் கையில் கொடுத்தார்.

ஆனி கடைசி ஞாயிறு காலை முகத்துவாரத்தில் கோச் என் துடுப்பைப் பார்த்தார். நடுவில் இருந்த பட்டையான ஒட்டைத் தடவினார். முகத்தில் நம்பிக்கையே இல்லை. படகில் ஏறி முதல் இழுப்பு இழுத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. தகடு நான் சொன்ன இடத்தில் இறங்கியது. கடலை நோக்கி ஆறு இழுத்த இழுப்பை எதிர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறினேன். வலைக் கழி பக்கத்தில் வந்தது. சுற்றும்போது தண்ணீர் பக்கவாட்டில் அடிக்க, படகு கவிழ்ந்தது.

தண்ணீருக்குள் தலைகீழாக. காதில் ஒரே இரைச்சல், மூக்கில் உப்பு. போன தடவை இந்த இடத்தில்தான் பதறி வெளியே வந்தேன். இந்த முறை துடுப்பைப் படகோடு சேர்த்துப் பிடித்தேன். தகடு தானாக மேலே போய் நின்றது. வெளியே வந்துவிடு என்று மனசு கத்தியது. போடி என்றேன். கோச் சொல்லிக்கொடுத்தபடி ஒரே வீச்சு, இடுப்பால் ஒரு வெட்டு, தலை கடைசியாக. கண்ணைத் திறந்தால் வெளிச்சம். நிமிர்ந்துவிட்டேன். கழியைச் சுற்றிவிட்டேன். வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் விசிலடித்தார்கள். அவர்களுக்கு நடுவில் ஃபைபர்காரர் நின்று, "நம்ம ஒட்டுப்பா அது, நம்ம ஒட்டு" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

கரைக்கு வந்ததும் கோச்சிடம், அவர் துடுப்பைத் திருட்டுத்தனமாக அளந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் தன் துடுப்பைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அவருக்குக் கற்றுக்கொடுத்த சீனியர் வைத்திருந்த அளவாம் அது. அவரும் அப்படியே பார்த்து வாங்கினதாம். வருடக்கணக்காக வலது தோள் வலிக்கிறதாம். "அக்கா, நாளைக்கி கடைக்கு வரேன். என்னையும் அளந்து பாருங்க" என்றார். மறுநாள் என் கடையில், ஜாக்கெட் துணிகளுக்கு நடுவே, சவுக்குக் கழியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றார். எழுபத்தேழு வந்தது, அவர் துடுப்பைவிட இரண்டு அங்குலம் குறைவு.

ஆடியில் கேரளா போனோம். அந்த வெள்ளைத் தண்ணீரில் முதல் பாறையைத் தாண்டியபோது நான் போட்ட கூச்சல் இந்தப் பக்கம் யார் காதிலும் விழுந்திருக்காது என்று நினைத்தேன். அதையும் ஒருத்தி வீடியோ எடுத்துவிட்டாள். வீட்டுக்காரர் அதை மடுகரையில் இருக்கும் தன் தங்கை வீடு வரைக்கும் அனுப்பிவிட்டார்.

துடுப்பு இப்போதும் என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நடுவில் அந்த ஒட்டு பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், ஆனால் இதுவரை அசையவில்லை. ஊருக்கெல்லாம் அளவு எழுதிய என் நோட்டில் இருபது வருடமாக என் அளவு என்று ஒரு வரிகூட இருந்ததில்லை. இப்போது புது நோட்டு போடும்போதெல்லாம் முதல் பக்கத்தில் என் பெயரை எழுதி, எதிரே எழுபத்து நாலு என்று எழுதிவிட்டுத்தான் அடுத்தவருக்கு டேப்பை எடுக்கிறேன்.