அக்காவின் நெஞ்சில் ஒட்டிய சட்டைப்பின்

சட்டையைக் கழற்று என்று என் அக்காவுக்குச் சொன்ன இடம் ஆஸ்பத்திரி இல்லை. சாம்பல்தீவிலிருந்து ரவுனுக்குப் போகிற நடுறோட்டு. சுற்றிவர ஆம்பிளைகள், பாதிப் பேரின் கையில் துவக்கு. நானும் அங்கேதான் நின்றேன். ஒன்றும் செய்ய ஏலாமல் நின்றேன்.

இந்தச் சபையில் என்னை உங்கள் எல்லோருக்கும் தெரியும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பியது. ஓட்டோ ஓடுகிறேன். கடைசி வாங்கில் இருந்து பாஸ்டர் எத்தனை தரம் தும்முகிறார் என்று எண்ணுகிறவன். பாட்டு நேரம் நீங்கள் எல்லோரும் கை உயர்த்துவீர்கள், என் கை காற்சட்டைப் பைக்குள் இருக்கும். இன்றைக்கு நான் முன்னுக்கு வந்தது சாட்சி சொல்ல, பகிடி விட இல்லை. கோபத்தோடு வந்திருக்கிறேன். வெளியே யாரும் கேட்டால் நான் சங்கீதம் வாசித்ததாகச் சொல்லுங்கள்.

சண்டையில் சம்பூர்ச் சனம் இடம்பெயர்ந்த வருடம் அக்காவுக்கு வலது மார்பில் கட்டி வந்தது. கொழும்பில் மார்பை முழுதாக எடுத்தார்கள். அக்கா தையல்காரி. இங்கே இருக்கிற பெண்களின் அளவெல்லாம் அவளுடைய கொப்பியில் இருக்கிறது. வீட்டுக்கு வந்த அன்று அந்தக் கொப்பியில் தன்னுடைய அளவைக் கோடு போட்டு வெட்டினாள். அதற்குப் பிறகு கண்ணாடியைத் துணியால் மூடி வைத்தாள். நான் எவ்வளவு பகிடி விட்டும் அவள் சிரிக்கவில்லை.

அடுத்த வருடம் டொக்டர், மார்பைத் திரும்பச் செய்யலாம் என்றார். முதலில் தசைக்குக் கீழே ஒரு வெறும் பையை வைப்பார்கள். இரண்டு கிழமைக்கு ஒருதரம் ஊசியால் உப்புத்தண்ணீர் ஏற்றி அதைப் பெருப்பிப்பார்கள். தோல் இளகி இடம் விட்டதும் அந்தப் பையை எடுத்துவிட்டு சிலிக்கன் மார்பை வைப்பார்கள். ஊசி குத்துகிற வாய் எங்கே என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க அந்தப் பையில் ஒரு சின்னக் காந்தம் இருக்கும்.

இதைக் கேள்விப்பட்டு நம் சபை அன்ரி ஒருவர் வீட்டுக்கு வந்தார். பெயர் சொல்லமாட்டேன். முன்வரிசை, நீலச் சேலை.

"கர்த்தர் எடுத்ததைப் பிள்ளை ஏன் திரும்ப வைக்கப் போகுது? கலியாணமும் கட்டேல்லை. ஆர் பாக்கப் போறது?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மிதிவெடியில் கால் போன நம் சபைத் தம்பி ஒருவனுக்குப் பொய்க்கால் போட்டபோது இதே சபை கைதட்டி ஸ்தோத்திரம் சொன்னது. ஆர் பாக்கப் போறது என்று அவனிடம் யாரும் கேட்கவில்லை.

அக்கா கொழும்புக்குப் போனாள். பை வைத்தார்கள். வீட்டுக்கு வந்து தையல் மெஷினில் இருந்தபோது மேசையில் கிடந்த குண்டூசி ஒன்று பாய்ந்து அவள் நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. நான் விடுவேனா?

"இனி ஊசி துலைஞ்சா தேடாதை அக்கா. குனிஞ்சு பார்."

முதலில் முறைத்தாள். பிறகு சிரித்தாள். ஒரு வருடத்துக்குப் பிறகு சிரித்தாள். அன்றிலிருந்து அது எங்களுடைய விளையாட்டு. காப்பில் கொளுவியிருக்கிற சட்டைப்பின்னைக் கழற்றி நெஞ்சில் ஒட்டிக் காட்டுவாள்.

உடம்புக்குள் உலோகம் இருக்கிறது என்று டொக்டர் சிங்களத்தில் ஒரு கடிதம் கொடுத்திருந்தார். கொழும்பிலிருந்து வருகிற வழியில், ஆட்களை மறித்துச் சோதிக்கிற ஒரு சென்றியில் அதைக் காட்டினாள். அங்கே நின்ற ஆமிக்காரன் ஒருவன் சத்தமாக வாசித்தான். மற்றவர்கள் அவள் நெஞ்சைப் பார்த்துச் சிரித்தார்கள். அடுத்த தரம் அவள் கடிதத்தைத் தையல் மெஷின் மேசையின் லாச்சிக்குள் வைத்துவிட்டு வந்தாள். அது எனக்குத் தெரியாது.

ஊசி போடப் போகிற நாள். ரவுனில் கொழும்பு பஸ் எடுக்க வேண்டும், காலையிலேயே ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். சென்றியில் ஆம்பிளைகள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு கொட்டில். கொட்டிலுக்குள் உலோகம் தேடுகிற மெஷின் கத்தியது. சட்டைக்குள் குண்டு என்று பயந்து பொம்பிளைப் பொலிஸ் வெளியே ஓடி வந்தாள். அக்காவைக் கை உயர்த்தி றோட்டு நடுவில் நிற்கச் சொன்னார்கள். எங்களையும் கை உயர்த்தச் சொன்னார்கள். மண்மூட்டைக்குப் பின்னாலிருந்து அவர்களுடைய பெரியவன் அரைகுறைத் தமிழில் கத்தினான்.

"சட்டை கழட்டு."

அக்கா அசையவில்லை. மறுபடியும் கத்தினான். துவக்குகள் நிமிர்ந்தன. அசைந்தாலும் சுடுவார்கள், அசையாவிட்டாலும் சுடுவார்கள்.

நான் ஜெபித்தேன். அழகான ஜெபம் இல்லை. சண்டை. 'ஆண்டவரே, அவளுக்கு வருத்தத்தைத் தந்தீர். ஊர்க் கதையைத் தந்தீர். இப்ப இதுவுமா? நீர் ஆம்பிளையளோடை கதைச்சது போதும். அங்கை நிக்கிற அந்தப் பொம்பிளையோடை கதையும்.' இவ்வளவுதான்.

அப்போதுதான் காப்பு கண்ணில் பட்டது. உயர்த்தின கையில் சட்டைப்பின் மினுங்கியது.

"அக்கா, பின்னை ஒட்டிக் காட்டு. மெதுவா."

என் முதுகில் துவக்குப்பிடியால் ஒரு அடி விழுந்தது. அக்கா கைகளைத் தலைக்கு மேலேயே வைத்துக்கொண்டு பின்னைக் கழற்றினாள். இரண்டு விரலால் பிடித்து மிக மெதுவாக நெஞ்சருகே கொண்டுவந்து விட்டாள். சட்டைப்பின் அங்கேயே ஒட்டிக்கொண்டு நின்றது. "ஒபரேஷன்," என்றாள். அந்தச் சொல் எல்லாருக்கும் விளங்கும்.

கிட்டப் போக வெளிக்கிட்ட பொம்பிளைப் பொலிஸைப் பெரியவன் மறித்தான். அவள் அவனுக்கு ஏதோ திருப்பிச் சொல்லிவிட்டு, அந்த வெறும் றோட்டில் தனியாக அக்காவிடம் நடந்து வந்தாள். பயத்தில் அவள் முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் வந்தாள். அக்காவின் தோளைப் பிடித்துக் கொட்டிலுக்குள் கூட்டிக்கொண்டு போய்த் திரையை இழுத்து மூடினாள்.

வெளியே வந்தபோது பொலிஸ்காரியின் கண் சிவந்திருந்தது. அக்காவின் சேலைத் தலைப்பை இழுத்து மூடி, அதே சட்டைப்பின்னைத் தோளில் குத்திவிட்டாள். பெரியவன் மன்னிப்புக் கேட்கவில்லை. போகலாம் என்று கையைக் காட்டினான், மாட்டைக் கலைப்பதுபோல. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறவேண்டும் என்று நான் ஜெபிக்கவும் இல்லை.

பஸ் ஸ்ராண்டில் அக்கா இறங்கும்போது சொன்னாள்:

"டேய், உன்ரை பகிடிக்கும் ஆண்டவர் ஒரு வேலை வச்சிருந்தவர்."

பையை எடுத்து சிலிக்கன் வைத்தாயிற்று. அக்கா கண்ணாடியின் துணியை எடுத்துவிட்டாள். கொப்பியில் தன் அளவைப் புதிதாக எழுதி, தனக்கென்று ஒரு சட்டை தைத்தாள். இந்தா, மூன்றாம் வரிசையில் அதைப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். ஆர் பாக்கப் போறது என்றீர்களே அன்ரி, அவள் பார்க்கிறாள்.

அக்காமாரே, தங்கச்சிமாரே, கட்டி இருந்தால் ஒளிக்காதீர்கள். ஜெபியுங்கள், ஜெபித்துக்கொண்டே பஸ் ஏறுங்கள். சொல் அழகாக வராவிட்டால் கோபத்தோடு ஜெபியுங்கள், அவர் தாங்குவார். அன்றைக்கு ஒருவன் துவக்கைக் காட்டி என் கையை உயர்த்தினான். என் ஆண்டவர் அந்தக் கையைப் பார்த்தார். இனிப் பாட்டு நேரம் கடைசி வாங்கைத் திரும்பிப் பாருங்கள். இந்தக் கையை இப்போது நானாகத்தான் உயர்த்துகிறேன்.