சாய்ந்த கையெழுத்து

கதைப் புத்தகம் எடுத்தால் அந்த அம்மா கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவார். யார் யார் உயிரோடு இருக்கிறார்கள், யார் யாரோடு சேர்ந்தார்கள் என்று பார்த்துக்கொண்ட பிறகே முதல் பக்கத்துக்கு வருவார். "போய்ச் சேர்ற இடம் தெரிஞ்சாத்தான் எனக்கு நிம்மதியா ஓடும்" என்பது அவர் கட்சி. படிக்கும் இடம், நிறுத்திவைத்த பள்ளி வேனின் ஓட்டுநர் இருக்கை. இரண்டு பக்கக் கதவுகளையும் திறந்துவிட்டு, புத்தகத்தை ஸ்டீயரிங்கில் சாய்த்து, வரிக்கு வரி விரலை இறக்கிக்கொண்டே வாசிப்பார். உதடுகளும் கூடவே அசையும்.

தெருவில் அவருக்கு வேனம்மா என்று பெயர். அந்த வேன் அவருடைய கணவர் ஓட்டியது. அவர் மாரடைப்பில் போன நான்காவது மாதம் வேனம்மா லைசென்ஸ் எடுத்து அதே இருக்கையில் உட்கார்ந்தார். பதினொரு வருடம் ஆகிறது. காலையும் மாலையும் பிள்ளைகளை ஏற்றும்போது ஒருமுறை, கிளம்பும்போது ஒருமுறை, பள்ளி வாசலில் ஒருமுறை என்று தலைகளை எண்ணுவார். எண்ணுவது கையோடு ஒட்டிக்கொண்ட பழக்கம். வீட்டுக் கதவைப் பூட்டும் முன் வாசலில் கிடக்கும் செருப்பு ஜோடிகளைக்கூட எண்ணிவிட்டுத்தான் தாழ்ப்பாள் போடுவார்.

கோடை விடுமுறை ஒரு மாதம். வேனுக்கும் ஓய்வு, அவருக்கும் ஓய்வு. இந்த வருடம் விடுமுறையின் முதல் நாளே மகள் வந்து இறங்கினாள். நான்கு மணி நேரத் தொலைவில் உள்ள ஊரில், விடுதியில் தங்கிக் கல்லூரியில் கடைசி வருடம் படித்தவள். தேர்வு எழுதி முடித்த களைப்பு என்றுதான் தாய் முதலில் நினைத்தார். துணிப்பை ஒன்று, கனமான அட்டைப்பெட்டி ஒன்று. பெட்டி நிறையப் புத்தகங்கள். பாதி காதல் கதை, பாதி மந்திரவாதியும் பறக்கும் நாகமும் வரும் மாயக் கதை.

மகள் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு படித்தாள். பகல் முழுக்கப் படித்தாள். சாப்பிடக் கூப்பிட்டால் வருவாள், இரண்டு வாய் உண்பாள், மறுபடியும் போய்ப் படுத்துக்கொள்வாள். என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்லம்மா, படிக்கறேன்ல" என்றாள். அழுகிற பெண்ணாக இருந்தால் அம்மா தேற்றியிருப்பார். இவள் அழவும் இல்லை.

கதை படித்துப் படித்தே பெண்ணுக்குப் பித்துப் பிடித்துவிட்டதோ என்று வேனம்மாவுக்குச் சந்தேகம். அப்படி அதில் என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடலாம் என்று முடிவுசெய்தார். மகள் முடித்துப் பெட்டியில் போட்ட புத்தகத்தை, அவள் கண்ணயர்ந்த மதிய நேரத்தில் எடுத்துக்கொண்டு வேனுக்கு வந்துவிடுவார். பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து அதுவரை அவர் கதைப் புத்தகம் எதையும் தொட்டதில்லை; கடைசிப் பக்கத்தை முதலில் பார்ப்பதும் இந்த மாதத்தில் வந்த பழக்கம்தான். முதல் புத்தகத்துக்கு ஐந்து நாள் பிடித்தது.

காதல் கதைகள் அவர் பொறுமையைச் சோதித்தன. நாயகன் நூறு பக்கம் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தான். "வாயைத் திறந்து சொல்லித் தொலையேண்டா" என்று கண்ணாடி வழியே தெருவைப் பார்த்துத் திட்டினார். மாயக் கதையில் முன்பக்கத்திலேயே ஒரு வரைபடம் இருந்தது. ஓட்டுநர் அல்லவா, அரை மணி நேரம் அதையே பார்த்தார். இளவரசன் ஆற்றுப்பாலத்தை விட்டுவிட்டு எதற்காக மலையேறிச் சாகிறான் என்று அவருக்குப் புரியவில்லை. அப்போதுதான் வரைபடத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது கண்ணில் பட்டது. வலப்பக்கம் சாய்ந்த கையெழுத்து: 'பாலம் இருக்கே, எதுக்கு மலை?'

"அட, நம்ம ஆளு" என்று வேனம்மா வாய்விட்டுச் சொன்னார்.

அதன் பிறகு அவர் அச்சடித்த வரிகளைவிட ஓரங்களைத்தான் அதிகம் வாசித்தார். எல்லாப் புத்தகத்திலும் இரண்டு கையெழுத்துகள் பேசிக்கொண்டிருந்தன. உருண்டையானது மகளுடையது, அது தெரிந்ததுதான். காதல் கதையில் ஜோடி மழையில் நனையும் இடத்தில் சாய்ந்த எழுத்து, 'இதுங்க ரெண்டும் குடையே வாங்காதா?' என்று கேட்டிருந்தது. கீழே உருண்டை எழுத்து, 'உனக்கு ரசனையே கிடையாது.' மாயக் கதையில் உருண்டை எழுத்து, 'இத்தனை பேரோட பேரை எப்படி ஞாபகம் வெச்சுக்கறது?' என்று அலுத்துக்கொண்டது. அதற்குச் சாய்ந்த எழுத்தின் பதில்: 'என் பேரை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ, போதும்.'

வேனம்மா அந்தப் பக்கத்தில் வெகுநேரம் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விஷயம் இதுதானா என்று மனசு லேசாகிவிட்டது. சண்டை போட்டிருப்பார்கள், சரியாகிவிடும். பையன் கேலிக்காரன், ஆனால் கெட்டவன் இல்லை, ஒரு தப்பான வார்த்தை எழுதவில்லை. வேனில் உட்கார்ந்தபடியே, 'எனக்கு எல்லாம் தெரியும், வரச் சொல்லு அவனை' என்று மகளிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தார். வீட்டு முன்னறைக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்றுகூடத் தோன்றிவிட்டது.

விடுமுறையின் கடைசி வாரம் ஏழாவது புத்தகம் கைக்கு வந்தது, அந்த வரைபடக் கதையின் அடுத்த பாகம். அதன் கடைசிப் பக்கத்தையும் வழக்கம்போல முதலில் பார்த்துக்கொண்டார். அங்கே எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் சாய்ந்த எழுத்து சொன்னது: 'மீதியை ஊருக்குப் போயிட்டு வந்து படிக்கறேன். பைக் எடுத்தாச்சு. நீ முந்திப் படிக்கக் கூடாது.' அதற்குக் கீழே, பென்சில் இன்னும் பளபளக்கும் உருண்டை எழுத்து: 'லாரியாம். நீ வரவே இல்ல. நானே படிக்கறேன்.'

அடுத்த பக்கத்திலிருந்து ஒரு கையெழுத்துதான். 'நீ சொன்ன மாதிரி பாலத்து வழியாத்தான் போறாங்க.' 'இந்த இடம் உனக்குப் பிடிச்சிருக்கும்.' 'இன்னிக்கு அம்மா முருங்கைக்காய் மாதிரி இளைச்சுட்டேன்னு திட்டினாங்க.' பக்கத்துக்குப் பக்கம், பதில் வராத பேச்சு.

வேனம்மா புத்தகத்தை மூடினார். போய்விட்ட பிள்ளைக்காக வெள்ளையடிக்க நினைத்திருக்கிறோமே என்று உடம்பு கூசியது. தன் கணவர் போனபோது வீடு கொள்ளாமல் ஆள் வந்தது நினைவுக்கு வந்தது. வந்தவர்கள் எல்லாம் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பேசத் தெரியாதவர்கள்கூடச் சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அப்போது அது பாரமாக இருந்தது. மகளுக்கோ அந்தப் பாரத்தைத் தரக்கூட ஒருவரும் இல்லை. பெற்றவள் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து வரைபடம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

மாலையில் மகள் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்கு வந்தாள். வேனம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்:

"அந்தச் சாய்ஞ்ச கையெழுத்து... நல்ல புள்ளையா இருந்திருக்கான்."

மகள் டம்ளரோடு நின்றாள். "படிச்சியாம்மா?"

"எல்லாத்தையும்."

வேனம்மா குழாயை மூடினார். பிறகு மகள் தரையில் உட்கார்ந்துகொண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். இரண்டு வருடப் பழக்கம். வேலை கிடைத்ததும் இரண்டு வீட்டிலும் சொல்வதாக இருந்தார்கள். செய்தி அவளுக்கு வகுப்புத் தோழர்கள் வழியாகத்தான் வந்தது.

"அவன் வீட்டுக்குப் போனேம்மா. கூட்டத்துல பின்னாடி நின்னேன். அவங்க அம்மா பக்கத்துல போக முடியல. யாரும்மா நீன்னு ஒருத்தங்க கேட்டாங்க. கூடப் படிச்ச பொண்ணுன்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன்."

அப்போதுதான் அவள் அழுதாள். வேனம்மா சோப்புக் கையோடு அவளைக் கட்டிக்கொண்டார். அழுகை ஓய்ந்த பிறகு அவர் கேட்டது ஒன்றே ஒன்று, அந்த வீடு எங்கே என்று.

மறுநாள் விடிந்ததும் காலி வேன் கிளம்பியது. மகள் முன் இருக்கையில், மடியில் ஏழாவது புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் கடைசியாக எழுதியது அவன் அம்மாவிடம் இருக்கட்டும் என்று அவளே எடுத்து வைத்தது. பாதி வழியில் தர முடியாது என்றாள். கொஞ்சதூரம் போனதும் தந்துவிடலாம் என்றாள். வேனம்மா இரண்டுக்கும் தலையாட்டிக்கொண்டே ஓட்டினார்.

பச்சைக் கதவு போட்ட சின்ன வீடு. எதிரே வேன் நின்றதும் மகள் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு இருக்கையிலேயே இருந்தாள். "என்னன்னு சொல்லிக்கிட்டு உள்ள போறதும்மா?" என்றாள். "திரும்பிடலாம்மா."

வேனம்மா எஞ்சினை அணைத்தார். சேலையை உதறிச் சரிசெய்துகொண்டு, தானே இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார். திறந்தவளுக்கு இவர் வயதுதான் இருக்கும். கலைந்த தலையோடு, எதுவும் வேண்டாம் என்கிற முகத்தோடு நின்றாள்.

"யாரு நீங்க?"

"துக்கம் கேக்க வந்திருக்கோம்" என்றார் வேனம்மா. "எனக்கு நேத்துதான் தெரிஞ்சுது."

அந்த அம்மாள் புரியாமல் இவரையே பார்த்தாள். வேனின் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் மகளின் முகம் அவளுக்குத் தெரியும்படியாக, வேனம்மா ஓர் அடி விலகி நின்றார்.