உருண்டைக்குப் பத்தியம்

சலவைக்கடையில் இஸ்திரி மேஜைக்குப் பின்னால் நாள் முழுக்க நிற்பவள் அவள். யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை, அண்ணனைத் தவிர. இடுப்பு வலி என்று வேலையை விட்டுவிட்டு அவள் வீட்டோடு வந்து தங்கிவிட்டவன் அவன். மூன்றாவது ஆள் நாய். கொழுத்துப்போய் நடக்கவே யோசிக்கும் அதைத் தெருவே உருண்டை என்று கூப்பிட்டது. அண்ணனுக்கு அதில் ஒரு பெருமை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு காலையில் உருண்டை முதுகை வளைத்து நின்றபடி வாந்தி எடுத்தது. தண்ணீரை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. இருவருமாகத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கணையம் வீங்கியிருக்கிறது, கொழுப்புப் பண்டம் ஒத்துக்கொள்ளவில்லை என்றார் கால்நடை டாக்டரம்மா. யார் கொடுப்பது என்று அவர் கேட்டபோது அண்ணன் சுவரிலிருந்த பூனைப் படத்தை உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஊசியும் குளுக்கோஸும் ஏறி உருண்டை வீடு திரும்பியது. என்ன கொடுப்பதென்று பார்க்க அவள் கடைக்குப் போனாள். பளபளக்கும் பையைத் தூக்கிக்காட்டிய கடைக்காரன், அதைத்தான் எல்லாரும் வாங்குகிறார்கள் என்றான். கொழுப்பு எவ்வளவு என்று கேட்டாள். நாய்கள் விரும்பிச் சாப்பிடும் என்றான். பையைத் திருப்பி அவளே படித்தாள். டாக்டரம்மா சொன்ன அளவுக்கு இரட்டிப்பாக இருந்தது. பையை மேஜையில் பொத்தென்று வைத்துவிட்டு வெளியேறினாள். டாக்டரம்மாவிடமே மறுபடி கேட்டு, தோலில்லாத வேகவைத்த கோழி, குழைந்த சோறு, கொஞ்சம் பூசணி என்று முடிவானது. உப்பு, எண்ணெய், வெங்காயம் கூடவே கூடாது.

நாய் தேறி வந்தது. பிறகு மறுபடி வாந்தி. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. சலவைக்கடையில் கொதிகலன் பழுதாகி மதியமே வீடு திரும்பிய அன்றுதான் புரிந்தது. அண்ணன் வறுத்த கோழித்தோலை மேஜைக்கடியில் நீட்டிக்கொண்டிருந்தான்.

கையிலிருந்து அதைப் பிடுங்கிக் குப்பையில் எறிந்தாள்.

"அது பாக்குற பார்வைய என்னால தாங்க முடியல. மனசு கேக்கல," என்றான்.

"உனக்கு மனசு கேக்கலன்னா ஊசி அதுக்கா? நீ குடுக்குறதெல்லாம் நல்லதுன்னு நம்புது அண்ணா அது. அந்த வாயில போய் விஷத்த வெக்கிற."

மறுநாளிலிருந்து உருண்டையைத் தன்னோடு வேலைக்குக் கூட்டிப்போனாள். வெள்ளை விரிப்பில் முடி ஒட்டும் என்று முதலாளி முனகினார். அவள் இஸ்திரியை அழுத்திய அழுத்தலைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

ஆளில்லாத வீட்டில் அண்ணனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு மதியம் இடுப்பைப் பிடித்துக்கொண்டே சலவைக்கடைக்கு வந்து ஒரு டப்பாவை நீட்டினான். உள்ளே கோழியும் சோறும் பூசணியும். அவள் விரலை விட்டுத் தேய்த்து எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று பார்த்தாள். முகர்ந்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை என்பதே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. நாய்க்கு வைத்துவிட்டு இஸ்திரி மேஜைக்குத் திரும்பினாள்.

அதற்குப் பிறகு உருண்டைக்குச் சமைப்பது அவன்தான். வாந்தி நின்றது, இடை தெரிய ஆரம்பித்தது, மாடிப்படி ஏறுகிறது. இனி வீட்டிலேயே விடலாம் என்று அவளும் ஒத்துக்கொண்டாள். ஆனால் வேலை முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அண்ணனின் கையைப் பிடித்து முகர்ந்து பார்க்கிறாள். அவனும் மறுபேச்சில்லாமல் நீட்டுகிறான்.