கொயினாவும் ரோதனையும்

தோட்டத்து டிஸ்பென்சருக்கு மருந்து கலக்குவது சுலபம். அதை விழுங்க வைப்பதற்குத்தான் சம்பளம். ஊரார் வாய்க்குள் எட்டிப் பார்த்தே சோறு தின்னும் என் போன்ற மருந்துக்காரருக்கு இது புதிதல்ல.

கன்னத்துக்குள் கசப்பு

இலங்கையில் கரவனெல்லைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். மலேரியாக் காய்ச்சல் காலத்தில், விடிந்ததும் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்திக் கொயினாத் தண்ணீர் ஊற்றுவேன். கன்னத்தில் அடக்கிக்கொண்டுபோய் ரப்பர் மரத்தடியில் துப்புவார்கள். மரங்களுக்கு மட்டும் காய்ச்சலே வந்ததில்லை. ஆகவே ஒரு சட்டம் போட்டேன்: விழுங்கியதும் வாய்விட்டு ஏதாவது ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். முதலில் நின்ற கங்காணி விழுங்கினார், முகத்தைச் சுளித்தார், முழங்கினார்: "ரோதனை!"

சொல்லாராய்ச்சி

மறுநாள் முதல் எல்லோருக்கும் அதுவே வார்த்தையாகிவிட்டது. தொந்தரவென்றால் யாழ்ப்பாணத்தானாகிய எனக்குக் 'கரைச்சல்'தான் பழக்கம், இது புதிது. வடமொழி கொஞ்சம் படித்த தோட்டத்துக் கந்தோர்ப் பெரிய கிளாக்கரைக் கேட்டேன். ரோதனம் என்றால் அழுகை, அதுதான் இங்கே வெறும் தொந்தரவாகிவிட்டது என்றார். பெருமையோடு இதைப் பெரட்டில் எடுத்துவிட்டேன். கங்காணி சொன்னார்: "அழுவறதுக்கு எங்களுக்கு நேரம் ஏதுங்க? அதான் தொந்தரவோட நிறுத்திக்கிட்டோம்."

பேசாத லெச்சுமி

ரப்பர் பால்வெட்டும் லெச்சுமி மட்டும் சில நாளாகப் பேசுவதில்லை. மருந்தை வாங்குவாள், தலையாட்டுவாள், தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு ஓடுவாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஒருநாள் வழிமறித்து, "வாயைத் திறந்து ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுப் போ!" என்று கத்தினேன். கண்ணில் நீர் முட்டியதே தவிர வாய் திறக்கவில்லை.

விலகி ஓடியவளின் பின்னாலேயே போனேன். லயத்து ஒற்றை அறைக் காம்பராவில் அவளுடைய சின்ன மகள் காய்ச்சலில் கொதித்துக்கொண்டு கிடந்தாள். லெச்சுமி வாயிலிருந்த கொயினாவைத் தேங்காய்ச் சிரட்டையில் விட்டு, பிள்ளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். ஏன் ஒளித்தாய் என்று கேட்டேன். "மூத்தவன ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. அவன் திரும்பி வரல்லீங்களே, ஐயா."

சட்டை

அன்று முதல் பிள்ளையின் வயதுக்கு அளவாகக் கலந்து நானே காம்பராவுக்குக் கொண்டுபோனேன். ஆசுபத்திரி என்ற பேச்சையே எடுக்கவில்லை. பிழைப்பாளோ மாட்டாளோ என்று உள்ளுக்குள் பயம்தான். பிள்ளைக்கு அழக்கூடத் தெம்பில்லை. பிறகு ஒரு காலை, மருந்து நாக்கில் பட்டதும் அத்தனையையும் என் சட்டையில் துப்பிவிட்டு, லயமே அதிர வீறிட்டாள். துடைக்கத் துணி எடுத்து வந்த லெச்சுமி, அதை என்னிடம் கொடுக்க மறந்து, சிரித்தபடியே நின்றாள்: "நல்லா கத்தட்டுங்க, ஐயா. இவ சத்தம் கேட்டு எத்தன நாளாச்சு!"

ரோதனைக்கு மூலம் அழுகைதான் என்று அன்று மனதார ஒப்புக்கொண்டேன், சட்டை பாழானதுதான் மிச்சம்.