குகை வீட்டு வாசலில் ஷூ கழட்டியவர்

அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். ஆம்பூர் வீட்டை வித்துட்டு இங்கேயே வந்துடுங்க என்று அவள் தினமும் ஒரு தரமாவது கேட்பாள். எனக்கு ஆசைதான், பொய் சொல்வானேன். பெத்த ஒரே பொண்ணு. எங்க வீட்டுக்காரர்தான் டிவி சத்தத்தை ஜாஸ்தி பண்ணுவார்.

ஒரு நாள் பாலைவனத்து மலை ஒன்றுக்குக் கூட்டிப்போனாள். செங்குத்துப் பாறையில் பெரிய குடைவு, அதற்குள் அடுக்கடுக்காகக் கல் வீடுகள். அந்த ஊர்ப் பழங்குடி ஜனங்கள் பல நூறு வருஷத்துக்கு முன்னால் கட்டியவை. உள்கூரையில் அடுப்புப் புகை இன்னும் கருப்பாக ஒட்டிக்கிடந்தது. என் சமையல்கட்டு எவ்வளவோ தேவலை என்று நினைத்துக்கொண்டேன்.

அங்கே இவர் செய்தார் பாருங்க ஒரு வேலை. முதல் வீட்டு வாசலில் ஷூவைக் கழட்டி, ஜோடி சேர்த்து ஓரமாக வைத்தார். முப்பது வருஷம் ஷூ கம்பெனியில் செக்கிங் பார்த்தவர். எங்க வீட்டு வாசலில் ஒரு நாளாவது இப்படி விட்டிருப்பாரா? ஒன்று கதவுகிட்ட கிடக்கும், இன்னொன்றைத் தேடணும்.

கூட வந்த பார்க் அதிகாரி ஓடிவந்தார். வெறுங்காலில் நடக்கக் கூடாதாம். மகளுக்கு மானம் போய்ட்டது. யாருமே இல்லாத இடம்ப்பா, போட்டுக்கோ என்று பல்லைக் கடித்தாள். அப்பா ஏன் கழட்டினார் என்று அவள் விளக்கியதும் அந்த அதிகாரி முகம் மாறிப்போனது. அந்த ஜனங்க அழிஞ்சி போகலை, அவங்க வம்சம் இன்னும் இருக்கிறது, இன்றைக்கும் வந்து முன்னோர்களைக் கும்பிட்டுப் போகிறார்கள் என்றார். மகள் அதைத் தமிழில் சொன்னாள்.

இவர் குனிந்து லேஸ் கட்டிக்கொண்டே கேட்டார், "அப்போ யாருமே இதை விக்கல?"

மகள் அவரை விட்டுட்டு என் பக்கம் வந்தாள். கொஞ்சம் தூரம் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீயாவது இரும்மா."

இருக்கேன் என்கிற வார்த்தை வாய்வரைக்கும் வந்துவிட்டது. வெளியே போக மர ஏணியில் ஏறணும். ஏலகிரி மலைப்பாதை வளைவுகளிலேயே கண்ணை மூடிக்கொள்கிற மனுஷன், ஏணியை ஒரு கையால் பிடித்தபடி, பின்னால் வருகிறவங்களுக்கெல்லாம் வழி விட்டு, நான் வர்றேனா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னா பண்றது," என்றேன் மகளிடம். "இந்த மனுஷன் ஒரு ஏணிகூட தனியா ஏற மாட்டாருடி."