வடலூர் கோப்பில் மாமியார் இல்லை

படிப்பகத்துப் பலகையைப் படிக்கும் நண்பர்களே, என் சொந்த வேலைகளை இடவாரியாகக் கோப்புகளில் பிரித்து வைத்து ஒரு வாரமாகிறது. மந்தாரக்குப்பம் என்றால் அரிசி மூட்டை, தபாலாபீஸ் என்றால் ரேடியோ லைசென்ஸ். எங்கே போகிறேனோ அந்தக் கோப்பை மட்டும் எடுத்தால் போதும்.

இன்று ஷிப்ட் முடிந்ததும் வடலூர் கோப்போடு பஸ் ஏறினேன். டார்ச் பேட்டரி, கொசுவலை, கோப்பு கட்ட நாடா என்று எழுதியிருந்ததில் ஒன்றைக்கூட விடவில்லை.

குவார்ட்டர்ஸ் வாசலிலேயே மனைவி கேட்டாள்.

"எங்கம்மா எங்க? வடலூர் பஸ் ஸ்டாண்டுல வந்து நிக்கும், கூட்டிகினு வாங்கன்னு சொன்னேனே."

சொன்னாள்தான். நானும் சீட்டு எழுதி வைத்திருந்தேன், எந்த இடத்திலும் சேராத 'உறவினர்' கோப்பில்.

அதை அவளுக்கு விளக்கிக்கொண்டிருக்கும்போதே மாமியார் மூட்டையோடு தானாக வந்து சேர்ந்தார்.

"நாடாக் கடையில உங்களப் பாத்தேன் மாப்ள. காயிதத்தப் பாத்துகினே போனீங்க. ஆபீஸ் வேலையா இருக்கும்னு நான் கூப்புடலீங்க."

மாமியாரை எந்தக் கோப்பில் வைப்பது என்று தெரிந்தவர்கள் கீழே எழுதலாம். பென்சில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.

கீழே முதல் வரி என் மனைவி எழுதியது. அதைப் படிக்க வேண்டாம்.