கழுவிய இரைப்பை

மீர்சாகிப்பேட்டை மார்க்கெட்டில், கலீமுல்லாவின் கோழிக்கடையில் ஜமீலுன்னிசா பல வருடங்கள் இரைப்பை சுத்தம் செய்தார். இரண்டாகப் பிளப்பார், உள்ளே இருக்கும் தீவனம் போகக் குழாயில் காட்டுவார், மஞ்சள் தோலை நகத்தால் உரிப்பார். வாய் அது பாட்டுக்குப் பேசும், கை அது பாட்டுக்குச் செய்யும்.

போன மழைக்காலத்தில் அடையாறில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது. செத்துக் கரை ஒதுங்கும் கடற்பறவைகளின் வயிற்றைத் திறந்து, அவை விழுங்கிய பிளாஸ்டிக்கை எடுத்துத் தர வேண்டும். வருடா வருடம் அதை எடைபோட்டால் கடலில் குப்பை கூடுகிறதா, குறைகிறதா என்று தெரியும். ஒரு மாதம் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள்.

"இங்க உயிரோட வந்தத அறுத்த, அங்க செத்து வந்தத அறுக்கப் போற," என்றார் கலீமுல்லா. "இதுக்குப் பேரு ப்ரமோஷனா?"

"அங்க ஃபேன் கீது பாய்."

"போய்ட்டு வா. உன் கத்தி இங்கயேதான் கீது."

திரும்பி வருவதில்லை என்று ஜமீலுன்னிசா முடிவு செய்திருந்தார். ஈரத்திலேயே நின்று கால் விரல்களுக்கிடையே சேற்றுப்புண் ஆறாமல் இருந்தது.

அந்த ஒரு மாதத்தின் கடைசி வாரம். ஆய்வாளர் அஸ்வினி பக்கத்து அறையில் போன் பேசிக்கொண்டிருந்தார். தட்டில் ஒரு பறவை. இரைப்பையைச் சல்லடைக்கு மேல் பிடித்துத்தான் கழுவ வேண்டும். விரலில் எடுத்தபோதே உள்ளே ஏதோ நறநறத்தது. ஜமீலுன்னிசா பிளந்தார், குழாயைத் திறந்தார். மஞ்சள் தோலுக்கு நகம் போனபோதுதான் கை நின்றது. சல்லடை அலமாரியிலேயே இருந்தது. நீலத் துணுக்கு ஒன்று சுழன்று தொட்டியின் ஓட்டைக்குள் இறங்கியது.

அஸ்வினி வந்து பார்த்தார். "காலி வயிறா? பரவால்லையே." கம்ப்யூட்டரில் பூஜ்யம் போடப் போனார்.

"போடாதீங்க மேடம். காலி இல்ல. கடை ஞாபகத்துல கழுவி வுட்டுட்டேன்."

"எவ்ளோ இருந்துச்சு?"

"தெரியல. நீலமா ஒண்ணு போச்சு."

அஸ்வினி பூஜ்யம் போடாமல் கையை எடுத்தார். "அப்போ இந்தப் பறவை கணக்குல வராது. பூஜ்யம் போட்டிருந்தா, கடல் சுத்தமாயிடுச்சுன்னு ஆயிருக்கும்."

"என் வேலை மேடம்?"

"ஃப்ரீசர்ல இன்னும் பறவை இருக்குக்கா. அத முடிங்க. சல்லடைய மொதல்ல எடுங்க."

சல்லடை இப்போது குழாயின் திருகிலேயே தொங்குகிறது. அதைக் கழற்றிக் கையில் எடுக்காமல் குழாயைத் திறக்க முடியாதபடி கட்டியவர் ஜமீலுன்னிசாதான். கத்தியைக் கலீமுல்லா வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்.